ஏழாம் நம்பர் பஸ் எங்கே போகிறது?

தெரியாததைத் தெரியாது என்று சொல்லி நான் ஒருநாளும் மாட்டிக்கொண்டதில்லை. நன்றாகத் தெரியும் என்று நினைத்தவற்றால்தான் மானம் போயிருக்கிறது. அதில் பெரியது, ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் சேர்ந்த ஆறாவது மாதம், ஒரு பஸ் ஜனம் பார்க்க நடந்தது.

எந்த கம்பெனி பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று கேட் அருகே காட்டும் பெரிய ஸ்கிரீனுக்கு நான்தான் புரோகிராம் எழுதியிருந்தேன். (மூன்று நாள் தூங்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். ஒருநாள்தான்.) ஏழாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர் என் அப்பா. மகள் எழுதிய ஸ்கிரீனில் அப்பா ஓட்டும் வண்டி. தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அன்று மதியம் இரண்டரைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்தது. அசெம்ப்ளி லைனில் வேலை பார்க்கும் முத்துலட்சுமி, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், ஒன்பதாம் நம்பரில் ஏறிக்கொண்டிருந்தாள். மூன்றரைக்குக் குன்றத்தூரில் அவளுக்கு டிப்ளமோவின் கடைசிப் பரீட்சை. தேறினால்தான் குவாலிட்டி பிரிவுக்குப் போக முடியும். ஐந்து பேருக்கு ஒரு ஃபேன் ஓடும் ஹாஸ்டல் ரூமில் ஒரு வருடமாகப் படித்தவள்.

"முத்து, குன்றத்தூருக்கு ஏழு. ஸ்கிரீனைப் பாரு."

"இல்லக்கா, ஏழாம் நம்பர் டிரைவர் அண்ணாச்சி ஒம்பதுல ஏறச் சொன்னாவ."

"அவர் எங்க அப்பாதான். அவருக்குப் பழைய ஞாபகம்."

அவள் திருப்திக்காக போனில் என் ஆப்பையும் திறந்து காட்டினேன். அதிலும் அதேதான். இறங்கி ஏழில் ஏறினாள். ஒன்பது கிளம்பிப் போய்விட்டது.

அப்பா டீ குடித்துவிட்டு வந்தார். "இன்னாமா, இந்தப் பொண்ண ஏன் இதுல ஏத்தின? இது மணிமங்கலம் போவுது."

"ஸ்கிரீன்ல குன்றத்தூர்னு இருக்குப்பா."

"ஸ்கிரீனா வண்டி ஓட்டுது? நான் ஓட்றேன்."

ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. நான் விடவில்லை. போனிலிருந்தே, ஸ்கிரீனில் ஏழாம் நம்பருக்குக் கீழே 'பரீட்சைக்குப் போவோர் ஏறவும்' என்று ஒரு வரி சேர்த்து சேவ் செய்தேன். கொஞ்ச நேரத்தில் டிரான்ஸ்போர்ட் ஆபீஸிலிருந்து தேவராஜ் சார் ஓடி வந்தார்.

"யாரும்மா ஏழாம் நம்பர மறுபடி குன்றத்தூர்னு மாத்தினது? பன்னெண்டு மணிக்கே ரெண்டு வண்டி ரூட்டையும் மாத்தி, டேட்டாபேஸ்ல நேரா நானே போட்டேனே!"

அப்போதுதான் புரிந்தது. என் புரோகிராமுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே தகவல் கொண்டுவர ஒரு தரகர் உண்டு (அவரும் புரோகிராம்தான்). காலையில் ஒருமுறை பார்த்து வந்ததைக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை முறை கேட்டாலும் எழுந்து போகாமல் அதையே நீட்டியிருக்கிறார். ஸ்கிரீனும் ஆப்பும் கேட்டது அவரிடம்தான். நான் சேவ் செய்தபோது, கையிலிருந்த பழையதை முழுசாக, சரியான தகவலின் மேலேயே எழுதிவிட்டார். அவ்வப்போது போய்ப் பார்த்து வா என்று அவருக்குச் சொல்லாமல் விட்டது நான்.

முத்துலட்சுமி அழவில்லை. ஹால் டிக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வெட்கத்தில் எனக்குத்தான் அழுகை வந்தது.

அப்பா பஸ்ஸுக்குள் திரும்பினார். "இந்தப் பொண்ண குன்றத்தூர்ல வுட்டுட்டு அப்புறம் மணிமங்கலம் போலாமா?"

முணுமுணுப்பு எழுந்தது. பின்னாலிருந்து ஓர் அம்மா, "வுடுண்ணா, படிக்கிற பொண்ணு" என்றார். நானும் ஏறினேன். நாற்பது பேர் நடுவே வழி முழுக்க நின்றேன் (நகர்ந்து இடம் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை). பத்து நிமிடம் தாமதம். நல்லவேளை, உள்ளே விட்டார்கள்.

அவள் பாஸாகி, குவாலிட்டிக்கும் போய்விட்டாள். இன்றும் நான் கேட்டில் நின்றால், ஸ்கிரீனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிரைவரிடம் சத்தமாகக் கேட்பாள்: "அண்ணாச்சி, வண்டி எங்க போகுது?"

வீட்டில், மழை வராது, கேஸ் தீரவில்லை என்று நான் எதை அடித்துச் சொன்னாலும் ஒரே கேள்விதான்: "ஓட்றவன கேட்டியா?"

போன வருடம் அப்பா ஓய்வு பெற்றார். "அவருக்கென்ன, நிம்மதியா இருக்கார்" என்று அத்தையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடந்து போன அம்மா நின்றாள்.

"ஓட்றவர கேட்டியா?"

சிரித்தேன். யோசித்துப் பார்த்தால், கேட்கவே இல்லை. போனை வைத்துவிட்டு, பேப்பரை மடித்துக்கொண்டிருந்த அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எப்படிப்பா இருக்க?"

மடித்த பேப்பரை மடியில் வைத்தார்.

"கை சும்மா கீதும்மா," என்றார். "மத்தியானம் படுத்தாகூட காலு தானா பிரேக்க அமுக்குது."