நான் சாய்ந்து நின்ற கார்

எஸ்பியர்க்,
12.05.1991, ஞாயிற்றுக்கிழமை.

பிரியமுள்ள றெஜினாவுக்கு,

மரியதாசன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வலது முழங்கால் மட்டும் மழைக்கு முதல் நாள் அறிவித்தல் கொடுக்கிறது. நீரும், உம்முடைய தங்கச்சி விமலராணியும், அவள் வீட்டாரும் கொழும்பு வெயிலில் சுகமாக இருக்கவேண்டும் என்று காலைப் பூசையில் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து இதை எழுதுகிறேன். யூன் ஒன்பதாம் திகதி கோப்பன்ஹேகன் விமான நிலையத்தில் நீர் வந்து இறங்கும்போது நான் அங்கே நிற்பேன். அதற்கு முன் உமக்கு ஒரு விசயம் சொல்லியாக வேண்டும். கடிதம் நீளும், தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு இரும். விமலராணிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

றெஜினா, ஒவ்வொரு வருசமும் நான் அனுப்பிய படங்களில் ஒரு பச்சைக் காரில் சாய்ந்து நின்றேனே, அது என்னுடைய கார் அல்ல.

எழுதிவிட்டேன். பேனை நின்றுபோகும் என்று பயந்தேன், நிற்கவில்லை. எப்படி நடந்தது என்று முறையாகச் சொல்கிறேன். எண்பத்தேழாம் ஆண்டு மாசி மாதம் நீர் எழுதிய கடிதத்தில், பக்கத்து வீட்டுத் தவமணியின் மகன் கனடாவில் காரோடு நின்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறான் என்றும், “மாஸ்ரர் அங்கை என்ன ஓடுறார்?” என்று திருகோணமலையில் பாதிப்பேர் உம்மைக் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர். நான் அப்போது ஓடியது ஒரு பழைய சைக்கிள். எதிர்க்காற்று அடித்தால் அதிலும் இறங்கித் தள்ளுவேன். எஸ்பியர்க்கில் எதிர்க்காற்று அடிக்காத நாள் கிடையாது. அதே மாதம்தான் உம்மை இங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டேன், மூன்று மாதத்தில் பதில் வரும் என்றார்கள். மூன்று மாதந்தானே, ஒரு சின்னப் பொய் அவ்வளவு காலம் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். என்னோடு அறையில் இருந்த குகநேசன், மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், அவரிடம் கமரா இருந்தது. தெருவில் நின்ற கார்களில் நல்ல நிறமானதாக ஒன்றைப் பார்த்து அதன் முன்னால் போய் நின்றேன். “மாஸ்ரர், இதென்ன பூசைக்கு நிக்கிற மாதிரி நிக்கிறியள்? சொந்தக்காரன் மாதிரிச் சாய்ஞ்சு நில்லுங்கோ, முழங்கையை வையுங்கோ!” என்று குகநேசன் அதட்ட, நானும் முழங்கையை வைத்தேன். முதுகுப் பக்கம் ஏதோ உறுமினது போல இருந்தது. இஞ்சின் சூடு ஆறுகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் உம்மிடம் வந்தது.

மூன்று மாதம் போனது, ஒரு வருசமும் போனது, பதில் இல்லை. ஊரிலே “மாஸ்ரர் காரை வித்துப்போட்டாரோ?” என்று கேட்டுவிடக் கூடாதே என்று அடுத்த வருசமும் படம் எடுக்கப் போனோம். கார் முழுக்கப் பனி. நிறம் தெரியாவிட்டால் அதே கார் என்று யார் நம்புவார்கள்? கோட்டுக் கையால் பனியைத் தள்ளித் துடைத்துக்கொண்டு நின்றேன், பின்னால் கதவு திறந்தது. என் வயதில் டென்மார்க் நாட்டுக்காரர் ஒருவர் சப்பாத்துக் கயிறு கட்டாமல் ஓடி வந்தார். பொலிசுக்குப் போகப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னார். நான் அவருக்காகத் துடைப்பதாக நினைத்துவிட்டார். பெயர் ஆக்ஸெல், மீன்பிடித் துறைமுகத்தில் படகு இஞ்சின் திருத்தி ஓய்வு பெற்றவர். கோப்பி தந்து உட்காரவைத்து, “உங்கடை நாட்டிலை அயலவரின்ரை காரைத் துடைச்சுக் குடுக்கிறது வழக்கமோ?” என்று கேட்டார். என்ன சொல்ல? ஓம் என்றேன். அது இரண்டாவது பொய். அதற்குப் பிறகு, வழக்கம் என்று சொன்னேனே என்பதற்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் வாளியும் சீலைத் துண்டுமாகப் போய் அந்தக் காரைக் கழுவினேன். அவர் பெருமையாகத் தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டார். இரண்டு தெருவுக்கு அப்பால் இருந்த தமிழ்ப் பையன் நிர்மலனின் வீட்டுக் கதவை ஒரு கிழவி தட்டி, “என்ரை வொல்வோவுக்கு நீர் எப்ப வருவீர்?” என்று கேட்டாளாம். நிர்மலன் என்னிடம் வந்து, “மாஸ்ரர், இந்தப் பண்பாடு எங்களுக்கு எப்பயிருந்து?” என்றான். இருவரும் போய்க் கிழவியின் காரையும் கழுவினோம். வேறு வழி?

கார் சுவீடன் நாட்டுச் சாப் கார். சுவீடன் என்றால் எங்களுக்கு அங்கால் கடலைக் கடந்தால் உள்ள நாடு. ஆக்ஸெல் சொல்லி அந்தக் காரின் சரித்திரம் எனக்கு மனப்பாடம், நீரும் கேளும், நல்ல சரித்திரம். அதைச் செய்தவர்கள் ஆகாயவிமானம் செய்கிறவர்கள். யுத்தம் முடிந்ததும் விமானம் வாங்க ஆள் குறைந்தது, கார் செய்வோம் என்று இறங்கினார்கள். இறங்கியவர்களில் கார் ஓட்டத் தெரிந்தவர்களே ஓரிருவர்தான் என்று ஆக்ஸெல் சிரிப்பார். ஒருவரும் முன்பு கார் செய்து பழகாததால், வகுப்பிலே பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்க்காமல் தானே ஒரு வழி கண்டுபிடித்துக் கணக்குச் செய்யும் பிள்ளை இருக்குமே, அது போல வந்தது கார். விமானச் சிறகு போல வளைந்த உடம்பு. முதலில் வந்ததெல்லாம் பச்சை நிறம். யுத்தத்தில் மிஞ்சிய பூச்சு என்று ஒரு கதை. எங்கள் ஊர் மீன்பிடி வள்ளத்து மோட்டருக்குச் செய்வது போலப் பெற்றோலுக்குள்ளேயே எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். சத்தமும் அந்த வள்ளச் சத்தந்தானாம். எல்லாரும் சிரித்தார்கள், அந்தச் சின்னக் கார் பனி மலைப் பாதைப் போட்டிகளில் பெரிய கார்களை முந்திக்கொண்டு போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு வாத்திமார், வைத்தியர்மார், கட்டடம் வரைகிறவர்கள் என்று கொஞ்சம் தனிப்போக்கான ஆட்கள் தேடித் தேடி வாங்கினார்கள். ஆக்ஸெலின் காரில் ஓட்டுகிறவரின் இருக்கைக்குள் சூடேற்றும் கருவி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. ஒரு நாள் உட்கார்ந்தேன், கீழே சூடு ஏறியது, என்ன அநியாயம் நடந்துவிட்டதோ என்று காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தேன். ஆக்ஸெல் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மற்றக் கார்களில் சாவி சுக்கானுக்குப் பக்கத்தில் இருக்கும், இதில் இரண்டு இருக்கைக்கும் நடுவே, தரையோடு. விபத்தில் முழங்காலில் குத்தக் கூடாதென்று அங்கே வைத்தார்களாம். என் முழங்காலை நினைத்தால் நல்ல யோசனை. ஆனால் பின்னால் போகிற கியரில் போட்டால்தான் சாவியை வெளியே எடுக்கலாம். இது எனக்கு யாரும் சொல்லவில்லை. எண்பத்தொன்பதாம் ஆண்டுப் படம் சாரதி ஆசனத்தில் இருந்து எடுத்ததல்லவா, அன்றைக்கு ஆக்ஸெல் உள்ளேயும் துடைக்கச் சொல்லிச் சாவியைத் தந்துவிட்டுத் தபாற்கந்தோருக்குப் போனார். குகநேசனும் படத்தை எடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் சாவியை இழுக்கிறேன், வரவில்லை. திருப்புகிறேன், வரவில்லை. ஜெபமாலை சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. சாவியோடு காரை விட்டுப் போகவும் முடியாது. ஒரு மணித்தியாலம் இருந்தேன். அப்போது உள்ளே நான் தனியாக இல்லை, றெஜினா. பின் இருக்கையில் புஸ்டர் இருந்தது. புஸ்டர் என்பது ஆக்ஸெலின் நாய். வேர்வையில் என் சட்டை நனைந்தது. அது மெல்ல வந்து என் தோளில் தாடையை வைத்தது. நான் அசையவில்லை, அதுவும் அசையவில்லை. ஆக்ஸெல் வந்து பார்த்தபோது நாய் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

இப்படியே காலம் போனது. உமக்கு மாதா மாதம் “விசா அடுத்த மாசம் வந்துவிடும்” என்று எழுதினேன். கார் விசயத்தில் நான் உமக்குப் பொய் சொன்னேன். விசா விசயத்தில் எனக்கு மற்றவர்கள் சொன்னதை உமக்கு எழுதினேன். குடும்பத்தைக் கூப்பிடக் கேட்ட எங்கள் கோப்புகளை எல்லாம் ஒரு மேசை லாச்சிக்குள் தூங்கவைத்தது யார் என்று இப்போது ஒரு நீதிபதி விசாரிக்கிறார், பத்திரிகையெல்லாம் தமிழர் வழக்கு என்று எழுதுகிறது. ஆக்ஸெல் அதை ஒரு சொல் விடாமல் வாசித்து, “எங்களை மன்னியும்” என்று என்னிடம் சொன்னார். நான் அவருடைய காரைச் சொந்தம் என்று காட்டி நாலு வருசம், அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! அன்றே உண்மையைச் சொன்னேன். “அப்ப சனிக்கிழமை கழுவினது?” என்று கேட்டார். “வெக்கத்திலை,” என்றேன். “வெக்கத்துக்கு நல்லாத்தான் கழுவினீர்,” என்றார்.

இந்த வருசத் தொடக்கத்தில் அவருக்கு ஒரு அடி. சாப் கொம்பனியின் பாதியை அமெரிக்கப் பெரிய கொம்பனி ஒன்று வாங்கியது உமக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. கோப்பன்ஹேகனுக்கு நேரெதிரே, மல்மோவில், இரண்டு வருசத்துக்கு முன் புத்தம்புதிதாகத் திறந்த தொழிற்சாலையை மூடப்போகிறார்களாம். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, “இனி இதுவும் மற்றக் கார் மாதிரித்தான் வரும். சாவியைக்கூட மேலை கொண்டுபோய் வைப்பாங்கள்,” என்றார். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புது ஓடு போட்டு இரண்டாம் வருசமே இராணுவம் வந்து தங்கியதை அவருக்கு உதாரணமாகச் சொன்னேன். ஓடு நல்ல ஓடு, இப்போதும் ஒழுகாது என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்ததோ தெரியாது, புஸ்டரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, தனக்குக் கண் மங்குகிறது, இனி ஓட்ட வேண்டாமென்று வைத்தியர் சொல்லிவிட்டார், நான் சாரதிப் பத்திரம் எடுத்தால் கார் எனக்கு என்றார்.

அறுபத்துமூன்று வயதில் பரீட்சை எழுதினேன், றெஜினா. பிள்ளைகளை இனிமேல் ஒருநாளும் அதட்டமாட்டேன். இரண்டு தடவை தோல்வி. பரீட்சைக்குத் தந்தது வேறு கார். நான் பழகிய பழக்கத்தில் சாவியைத் தேடி நடுவே கையை விட்டுத் துழாவினேன், அகப்பட்டது பரீட்சகரின் முழங்கை. மூன்றாம் தடவை நன்றாகவே ஓட்டி, ஓரமாக நிறுத்தி, பின் கியரில் போட்டுச் சாவியை எடுத்தேன். “ஏன் பின் கியர்?” என்றார். நான் விமானத் தொழிற்சாலையிலிருந்து தொடங்கி விளக்கமாகச் சொன்னேன். மல்மோவுக்கு வந்தபோது, “எங்கடை அப்பாவும் சாப்தான் வைச்சிருந்தவர்,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆகவே, போன புதன்கிழமையிலிருந்து அந்தக் கார் உண்மையாகவே என் பெயரில் இருக்கிறது. பேசாமல் இருந்திருந்தால் உமக்கு ஒன்றும் தெரியவந்திராது. ஆனால் செய்கைவழி காட்டாமல் சரியான விடை மட்டும் எழுதிய பிள்ளைக்கு நான் அரைப் புள்ளிதான் போட்டவன். இந்தக் கடிதம் என்னுடைய செய்கைவழி. நாலு வருசம் என் சொல்லை நம்பி இருந்தவர் நீர். கார் பொய் என்றால் இவர் எழுதிய மற்றதெல்லாம் என்ன என்று உமக்குத் தோன்றும், அது நியாயம். கோபமென்றால் அங்கேயே பட்டுவிட்டு வாரும். வராமல் மட்டும் இருந்துவிட வேண்டாம். ரயிலில் அலைக்கழிக்காமல் உம்மைக் காரிலேயே கூட்டிவருவேன். சூடான இருக்கை ஓட்டுகிறவருக்குத்தான், ஆகவே குளிர் காலத்துக்குள் உமக்கும் ஓட்டப் பழக்கிவிடுகிறேன்.

விமலராணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மாதா உம்மை வழி முழுக்க முந்தானையில் வைத்துக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உமக்காகக் காத்திருக்கும்,
மரியதாசன்.

பி.கு.: திங்கட்கிழமை. உறையை ஒட்டப்போன நேரம் தபாற்காரன் உமது கடிதத்தைக் கொண்டுவந்தான். நீர் எழுதியதை அப்படியே இங்கே எழுதுகிறேன், பிறகு நான் எழுதவில்லை என்று சொல்லக் கூடாது: “இஞ்சேருங்கோ, அந்தக் காரைக் கொண்டுவாறன் எண்டு அந்தரப்படாதேங்கோ. அது உங்கடையில்லை எண்டு முதல் படத்திலேயே தெரியும். பின் சீற்றிலை ஒரு நாய் உங்கடை முதுகைப் பாத்துக்கொண்டு நிண்டது. தெருவிலை நாய் நிண்டால் மூண்டு ஒழுங்கை சுத்திப் பள்ளிக்கூடம் போற மனிசன் நாய் வைச்ச கார் வாங்குவாரோ? தவமணி அக்காவுக்கும் காட்டினனான். அவ தன்ரை மகன்ரை படத்தைக் கொண்டு வந்தா. அவன் சாய்ஞ்சு நிண்ட காரின்ரை தலையிலை TAXI எண்டு இங்கிலீசிலை எழுதியிருந்தது. ரெண்டு பேரும் சிரிச்சு எனக்கு வயித்து நோ. நீங்கள் பாவம், ஆசையாய் அனுப்பிறியள் எண்டு பேசாமல் இருந்தனான். எனக்குக் காரிலை தலை சுத்தும் எண்டது முப்பத்தொரு வருசமாய்த் தெரியாதோ? ஆனால் ரெயில் அப்பிடியே கப்பலுக்குள்ளை ஏறும் எண்டு எழுதினியள். அதைத்தான் நான் இண்டைக்கும் நம்பேல்லை. மெய்யெண்டால் அதிலை கூட்டிக்கொண்டு போங்கோ.”

மெய், றெஜினா. அது ஒன்றாவது மெய். இன்றைக்கே இரண்டு இருக்கை பதிந்துவிட்டேன். எஸ்பியர்க் ஸ்ரேசனிலிருந்து வீட்டுக்கு இரண்டு கிலோமீற்றர், அந்த இரண்டு கிலோமீற்றருக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு காரில் இரும், மெதுவாகப் போவேன். ஆக்ஸெலும் உம்மைப் பார்க்க வருவார். புஸ்டர் பின் இருக்கையில் இருக்கும்; பயப்பட வேண்டாம், அது தாடையை வைப்பது என் தோளில்தான்.