ஜெயசீலன் தேர்ந்தெடுத்த ஒன்பது திருகு மிஷின்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று முதல் வரியிலேயே எனக்குப் பயமாக இருக்கிறது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இதுவோ மிஷின் விஷயம். ஒரு திருகை மாற்றிச் சொல்லிவிட்டால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜெயசீலனுக்கு ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் செலக்‌ஷன் வேலை. மேஜைமேல் வந்து விழும் தோலைக் கட்டை விரலால் ஒரு தடவு தடவி, இது முதல் ரகம், இது மூன்றாம் ரகம் என்று பிரித்துப் போடுவார். முப்பது வருஷமாக அந்த விரல் தப்பு செய்ததில்லை. அதனால் உலகத்தில் எதையும் தடவியே தரம் சொல்லிவிடலாம் என்று நம்பினார். தர்பூசணி, தலையணை, தங்கச்சி மாப்பிள்ளை, எதுவும் தப்பாது. படிக்க மட்டும் விரல் போதாது. அதற்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி எங்கே என்று சொல்ல மனைவி பிரிசில்லா வேண்டும்.

பிரிசில்லாவுக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. கவலைப்படுவது ஓவர்டைம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பிரியாணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது ஜெயசீலன் சபதம் செய்தார்.

"பிரிசி, நான் சிந்தசைஸர் வாங்கப் போறேன்."

"அது இன்னாங்க?"

"கீபோர்டு மாதிரிதான். ஆனா சத்தத்தையே நாம செஞ்சுக்கலாம். திருகைத் திருப்பித் திருப்பி."

"நம்ம வீட்ல சத்தத்துக்கு இன்னா பஞ்சம்?"

"கிண்டல் பண்ணாத. சர்ச்ல அறுப்பின் பண்டிகைக்கு காணிக்கைப் பாட்டு நான் வாசிக்கிறேன்னு போதகர்கிட்ட சொல்ட்டேன்."

வெங்காயம் கையிலிருந்து உருண்டது.

"உங்களுக்கு வாசிக்கவே தெரியாதே!"

"அதுக்குத்தான் எட்டு வாரம் இருக்குதே. அடுத்த ஞாயிறு மைக்ல சொல்லப் போறாரு."

சொல்லியும் விட்டார். பண்டிகையன்று முந்நூறு பேர் காணிக்கையாகப் பூசணிக்காயும் சேவலும் தூக்கிக்கொண்டு வரிசையில் வருவார்கள். முன்னால் இந்த மனுஷன் முழித்துக்கொண்டு நிற்பார். கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று ஒரு பனியன்கூடக் கேட்டு வாங்காதவர். முதல் முறையாக ஒன்றுக்கு ஆசைப்படுகிறார். அதுவே அவரைத் தலைகுனிய வைக்கக்கூடாதே என்பதுதான் பிரிசில்லாவின் கவலை.

வேலூரில் ஓர் இசைக்கருவிக் கடைக்குப் போனார்கள். கடைப்பெண் அலீனா இரண்டு மிஷின்களை எடுத்து வைத்தாள். பெரியதில் நாற்பத்து நாலு திருகு. நூறு சத்தத்தை மெமரியில் சேர்த்து வைக்கலாம். சின்னதில் ஒன்பதே திருகு. மெமரி கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு கட்டைதான் ஒலிக்கும்.

ஜெயசீலன் பெரியதைத் தடவினார். தூக்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"நல்ல கனம். முதல் ரகம்."

"புதுசா கத்துக்கறவங்களுக்குச் சின்னதுதான் சார் நல்லது," என்றாள் அலீனா. "ஒரு திருகுக்கு ஒரே வேலை. திருப்புனா இன்னா மாறுதுன்னு காதுக்கு உடனே தெரியும். பெருசுல தொலைஞ்சு போய்டுவீங்க."

"நான் தொலையறதா? இன்னாம்மா நீ! பெருசையே கட்டு."

பிரிசில்லாவுக்குப் பகீரென்றது. வீட்டில் டிவி ரிமோட்டில் அவருக்குத் தெரிந்தது இரண்டு பட்டன். நாற்பத்து நாலு திருகை எட்டு வாரத்தில் எங்கே பழகுவது? சின்னதை வாங்குங்கள் என்று வாய் வரை வந்தது. அப்படிச் சொன்னால் இரண்டு பெரியது வாங்கிவிடுவார்.

"கரெக்ட்டுங்க, பெருசே எடுங்க," என்றாள். "சின்னது உங்களுக்கு பேஜாரு. அதுல மெமரி இல்லியாம். எல்லாத்தையும் விரலாலயே கண்டுபுடிக்கணுமாம். கைத்திறமை ஜாஸ்தி உள்ளவங்கதான் அதைத் தொடுவாங்களாம். பெருசுன்னா அதுவே ஞாபகம் வெச்சுக்கும். உங்க விரலுக்கு வேலையே கிடையாது."

ஜெயசீலனின் கட்டை விரல் விறைத்தது.

"யாருக்கு கைத்திறமை கம்மி?"

"ஐயோ, நான் ஒன்னும் சொல்லலீங்க."

"முப்பது வருஷமா லட்சம் தோலை ஞாபகம் வெச்ச விரல். இதுக்கு மெமரி மிஷினா? ஏம்மா, சின்னதைக் கட்டு!"

அலீனா திரும்பிக்கொண்டு சிரித்தாள். பிரிசில்லா கவலையான முகத்தோடு ஒரு ஹெட்போனையும் சேர்த்துக் கட்டச் சொன்னாள்.

அந்த ஹெட்போனுக்காக அவள் தினமும் ஜெபத்தில் நன்றி சொன்னாள். ஆறு வாரம் அவர் திருப்பாத திருப்பு இல்லை. கொசு, குக்கர், மாதனூர் வளைவில் திரும்பும் லாரி எல்லாம் அவர் காதுக்குள்ளேயே வந்து போயின. ஏழாவது வாரம் ஒரு மாலை "வந்துடுச்சி!" என்று கத்தினார். ஹெட்போனைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டு வாசித்தார். குயில் கூவுவது போல ஒரு சத்தம். அதில் காணிக்கைப் பாட்டு. மெதுவாக, ஒற்றை விரலால். பிரிசில்லாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இனிமே இது மாறவே மாறாது," என்று அவர் ஒவ்வொரு திருகின் பக்கத்திலும் சில்வர் பேனாவால் ஒரு கோடு போட்டார்.

பிரிசில்லாவின் கவலை அங்கே மறுபடி தொடங்கியது. அது தோலில் குறி வைக்கும் பேனா. தைத்து முடித்ததும் ஈரத்துணியால் துடைத்தால் சுத்தமாகப் போய்விடும். போவதற்காகவே செய்த பேனா. அவர் குளிக்கப் போன நேரத்தில், ஒவ்வொரு திருகின் முள்ளும் கடிகார முள்ளாக இருந்தால் எத்தனை மணி காட்டுமோ, அப்படி ஒன்பதையும் காலண்டர் தாளின் பின்னால் எழுதி அரிசி டப்பாவுக்குள் போட்டாள்.

பண்டிகைக்கு முந்தைய மாலை. சபைக்குப் போகும் மிஷின் பளபளக்க வேண்டாமா? ஜெயசீலன் ஈரத்துணி எடுத்தார். பாலிஷ் போடுகிற மாதிரி அழுத்தித் துடைத்தார். கோடு போயிற்று. திருகெல்லாம் ஆளுக்கொரு பக்கம் திரும்பிற்று. கட்டையை அழுத்தினார். குயிலைக் காணோம். லாரி வந்தது.

"பிரிசி! போச்சு! நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட போவேன்?"

அவர் அப்படித் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. சமையலறைக்குப் போய் டப்பாவைத் திறந்து, ஒன்பதையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள்.

"முதல் திருகை ஒன்பது மணில வைங்க. ரெண்டாவது பன்னெண்டு. அடுத்தது ரெண்டரை..."

ஒன்பதாவது திருகு மூன்று மணிக்கு வந்தபோது குயில் கூவியது.

"உனக்கு எப்டி தெரியும்?"

எழுதி வைத்தேன் என்றால் விரலுக்கு அவமானம். பிரிசில்லா ஒரு நொடி யோசித்தாள்.

"தெனமும் தூக்கத்துல சொல்றீங்களே."

ஜெயசீலன் நிமிர்ந்தார். "பார்த்தியா? விரல் மறந்தாலும் வாய் மறக்கல!"

மறுநாள் குயில் இரண்டே இடத்தில் தடுமாறியது. முந்நூறு பேரும் கூடவே பாடியதால் அது யார் காதிலும் விழவில்லை. முடிந்ததும் அவர் மைக்கைப் பிடித்துக் கடவுளுக்கு நன்றி சொன்னார். போதகருக்கும், தன் கட்டை விரலுக்கும், நல்ல தூக்கத்துக்கும் சொன்னார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த பிரிசில்லா எல்லாவற்றுக்கும் ஆமென் சொன்னாள். அவளுக்கு வேறு நன்றி இருந்தது. மனுஷன் தலை நிமிர்ந்து நின்றாரே, அதற்கு.

இப்போது என் பெரிய பயம். ஜெயசீலன், பிரிசில்லா என்று பெயரை மாற்றியிருக்கிறேனே தவிர, இது எங்கள் வீட்டுக் கதைதான். என் வீட்டுக்காரர் இதைத் தானே படித்துவிட்டால்? அதனால் நானே அவருக்குப் படித்துக் காட்டிவிட்டேன். கடைப் பேச்சையும் காலண்டர் தாளையும் மட்டும் முழுங்கிவிட்டேன்.

"சூப்பரா எழுதிருக்க," என்றார். "ஆனா ஒன்னு. சின்ன மிஷினை செலக்ட் பண்ணது அந்த ஆளோட மூளைன்னு தலைப்புலயே வந்துடணும்."

அப்படியே வைத்துவிட்டேன். இது புத்தகத்தில் அச்சாகி வரும் நாளுக்காக, அவர் கண்ணாடியை இப்போதே அரிசி டப்பாவுக்குள் போட்டாயிற்று.