புழு பேசும் பாஷை

மழைக்காட்டு நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் காலையிலேயே வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றார்கள். அது புழு வைத்தியரின் கட்டளை. வயிற்றில் காதை வைத்தாரானால், உள்ளே இருக்கும் புழு எந்த நாட்டுப் பாஷை பேசுகிறது என்பது வரை சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட காது! அவர் தரும் குளிகையை விழுங்கினால் மறுநாள் முழ நீளத்துக்கு வெள்ளையாக ஏதோ வெளியே விழும். அதைக் கழுவி, பாட்டிலில் போட்டு, கூடத்தில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள்.

"என்னோடது ரெண்டு முழம்!"

"போய்யா, என்னோடது வாலை ஆட்டுச்சு!"

ரப்பர் தோட்டத்தில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்த ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. பக்கத்தில் அவர் மனைவி. கூடவே அவளுடைய அண்ணன், ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி பார்ப்பவர்.

"மாப்ள, மூணு நாள் மலத்தை டப்பாவுல குடுங்கன்னு ஒரு மாசமா கெஞ்சுறேன்."

"சீச்சீ! அதைப் போய் யாராவது கையில தூக்கிட்டு வருவாங்களா மச்சான்?" என்றார் மாப்பிள்ளை, கையில் புழு பாட்டிலோடு.

"அண்ணே, இதுவரைக்கும் பத்தொம்பது விழுந்துடுச்சு. ஆனா மாடி ஏறினா இன்னும் மூச்சு வாங்குது." தங்கை அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவருக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. வைத்தியர் நீட்டிய இருபதாவது குளிகையைப் பிடுங்கினார். மேஜை மேல் இருந்த வைத்தியரின் பிளாஸ்க்கிலிருந்தே டம்ளரில் வெந்நீர் ஊற்றி, அதில் போட்டார். கூட்டம் எட்டிப் பார்த்தது. மேலுறை கரைந்தது. உள்ளே சுருண்டிருந்த பிசின் நார் ஊறி, நெளிந்து, முழ நீளத்துக்கு விரிந்தது. வெள்ளை வெளேரென்று, சாட்சாத் அதே புழு!

"த... தண்ணியில இருந்திருக்கும்," என்று வைத்தியர் உளறினார்.

"உங்க பிளாஸ்க், உங்க வெந்நீர். சரி, இந்த டம்ளர் எந்தக் காட்டுக்குப் போயிட்டு வந்துச்சு? காதை வெச்சுக் கேட்டுச் சொல்லுங்க, என்ன பாஷை பேசுது?"

காது வரவில்லை. காதுக்குச் சொந்தக்காரர் பின்வாசலைத் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாளே மாப்பிள்ளை முதல் டப்பாவை நீட்டினார், செய்தித்தாளில் ஏழு சுற்றுச் சுற்றி. நுண்ணோக்கியில் கொக்கிப்புழு முட்டைகள் தெரிந்தன. பத்தொன்பது விழுந்ததாம்! நிஜப் புழு ஒன்றுகூட நகரவில்லை. உள்ளேயே உட்கார்ந்து ரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் புழுவுக்கு ஒரு மாத்திரையும், ரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார். இரண்டு மாதத்தில் மனிதர் மூச்சு வாங்காமல் மாடி ஏறினார்.

வைத்தியர் அடுத்த தெருவில் கடை விரித்திருப்பதாகக் கேள்வி. அங்கும் வரிசை நீளமாம். பாட்டில் தூக்கும் மகாஜனங்களே, கொஞ்சம் யோசித்துத்தான் பாருங்களேன். அதற்கு வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்ற கட்டளைகூட இல்லை.