சவசவ அண்ணாச்சியின் வியாழக்கிழமைத் தீர்ப்பு

உலகத்தில் பாட்டு என்று ஒன்று உண்டானதே தன்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு போகத்தான் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் சவசவ அண்ணாச்சி. பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் கார்டில் இருக்கிறது. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ அந்தப் பேரைச் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘சவசவ’ என்று சொன்னால் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கூடவே வந்து வீட்டைக் காட்டுவார்கள். அப்படி வருகிறவர் பெரும்பாலும் ஒரு ஆல்பம் போட்டவராக இருப்பார். வீட்டைக் காட்டிவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போவார்.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருடைய மைக் செட் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் அங்கே வயர் சுற்றப் போய்ச் சேர்ந்தேன், இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறேன். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. அண்ணாச்சிக்கு நாலு பேர் இருந்தால் வாய் நிற்காது. அதனால் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை.

இந்தக் காலத்தில் ஆல்பம் போடாதவன் யார்? தொண்டையும் செல்போனும் இருக்கிறவன் எல்லாம் போடுகிறான். தொண்டை இல்லாதவன் செல்போனை மட்டும் வைத்துப் போடுகிறான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பது ரெக்கார்டிங் ஸ்டுடியோ என்று நான் சொன்னால் அது கொஞ்சம் கூடுதல். கொஞ்சம்தான்.

இத்தனை பேரும் கடைசியில் அண்ணாச்சியிடம் வந்துதான் ஆக வேண்டும். ரெண்டு ஊரிலும் கோவில் கொடை, சர்ச் பண்டிகை, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் எங்கள் ஸ்பீக்கர்தான். வியாழக்கிழமை சாயங்காலம் கடை வாசலில் தீர்ப்பு. அதை அவரே செல்போனில் பேசி வாட்ஸ்அப் குழுவில் போடுவார். மண்டபத்து மேனேஜர்களும் கோவில் கமிட்டிக்காரர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். அவர் வாயிலிருந்து “சவசவன்னு இருக்கு” என்று வந்துவிட்டால், அந்த ஆல்பத்தைப் பாடினவன் தன் வீட்டுக் குளியலறையில் போட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒருத்தர் பக்திப் பாடல் கொண்டுவந்தார். பட்டுச் சட்டை, நெற்றி நிறைய நாமம்.

“நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெருமாள் ஏற்கெனவே படுத்துத்தான் இருக்காரு” என்றார் அண்ணாச்சி. “உம்ம பாட்டக் கேட்டா போர்வைய இழுத்து மூடிக்கிடுவாரு. சவசவ.”

சர்ச் பாடகர் குழுத் தலைவர் ஒருத்தர், தங்கமான மனிதர், கிறிஸ்துமஸ் பாட்டு ஆல்பம் கொடுத்தார்.

“ஏம்ப்பா, பிள்ள பொறந்த சந்தோசத்தையே இம்புட்டு அழுகையாப் பாடுனா, பெரிய வெள்ளிக்கு என்ன செய்வீக?”

கர்நாடக சங்கீதத்தையும் கிடாரையும் சேர்த்து ஒரு பெண் பாடியிருந்தாள். “சாத்தூர்க் காராச்சேவையும் பால்கோவாவையும் ஒண்ணாப் பிசைஞ்சு வச்சிருக்கு. தனித்தனியா ரெண்டும் நல்லாத்தானம்மா இருந்துச்சு?” இன்னொரு ஆல்பத்தில் மழைச் சத்தத்துக்கு மேல் ஒருத்தன் முனகிக்கொண்டிருந்தான். இப்போது இளவட்டங்கள் ராத்திரி இதைக் கேட்டுத்தான் தூங்குகிறார்களாம். அண்ணாச்சி பொறுமையாக ஒரு பாட்டு கேட்டார். “இவனுக்குக் காய்ச்சல் அடிக்குதுலே. ஆல்பம் போடக் கூடாது, மாத்திரை போடணும்.”

அவரே திட்ட முடியாமல் திணறியது ஒருமுறைதான். ஒருத்தன் கம்ப்யூட்டரே எழுதி, கம்ப்யூட்டரே மெட்டுப் போட்டு, கம்ப்யூட்டரே பாடிய ஆல்பத்தைக் கொண்டுவந்தான். அண்ணாச்சி வாயைத் திறந்தார், மூடினார்.

“ஏலே, பாடுனவன் யாருன்னு கேட்டா கம்ப்யூட்டருங்கே. நான் திட்டுனா யாருக்கு ரோசம் வரும்? ரோசம் வராதவனத் திட்டி எனக்கென்ன பிரயோசனம்? தூக்கிட்டுப் போ.”

இவ்வளவையும் அவர் தன் காதை நம்பிச் சொன்னார் என்று நினைத்தால் தப்பு. தீர்ப்பு சொன்னது துரை.

துரை என்பது அண்ணாச்சி வளர்த்த ராஜபாளையம் நாய். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, ஜமீன்தார் நடை. கடை வாசலில் ஒரு மரப் பெஞ்சு. அதன் ஒரு முனையில் ஸ்பீக்கர் பாக்ஸ், மறு முனையில் துரை படுத்திருக்கும். அண்ணாச்சி எதிரே நாற்காலியில் உட்கார்ந்து துரையையே பார்த்துக்கொண்டிருப்பார். துரை தலையைத் தூக்கினால் பாட்டு பிழைத்தது. எழுந்து நின்றால் அது கல்யாண வீட்டுக்குப் போகலாம். தூங்கினால் சவசவ. “மனுசன் மூஞ்சிக்குப் பயந்து தலையாட்டுவான். நாய்க்குப் பொய் தெரியாதுலே” என்பார். துரை எப்போதும் தூங்கியது.

அந்தத் தூக்கத்தைக் கலைத்தவர்கள் கிருஷ்ணன்கோவில் காலேஜ் பையன்கள். ராப் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். பாட ஆரம்பித்ததுமே அண்ணாச்சி திட்டத் தயாராகிவிட்டார்.

“மூச்சு விடாமப் பேசுதான். கூட்டத்துல கண்டக்டர் டிக்கெட் கேக்குறதுல உள்ள தாளம்கூட இதுல...”

அதற்குள் ஸ்பீக்கர் பாக்ஸே அதிரும்படி பாஸ் அடி விழுந்தது. கும்! துரை துள்ளி எழுந்து நின்றது. காதை விறைத்தது. வாலை ஆட்டியது. தெருவே வாயைப் பிளந்தது. அண்ணாச்சி பாதியில் விட்ட வாக்கியத்தை விழுங்கி, தண்ணீர் குடித்துவிட்டு, “தாளம்கூட இதுல அபாரமா இருக்கு” என்று முடித்தார். அன்று முழுக்க அவர் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதானே.

செய்தி பரவியது. அதற்குப் பிறகு வந்த ஆல்பம் ஒவ்வொன்றிலும் பாஸ். பட்டுச் சட்டைக்காரர், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் குன்றுமேல் இருக்கிற எங்கள் திருவண்ணாமலைப் பெருமாள் பாட்டைத் திரும்பப் பதிவு செய்தார். புரட்டாசிச் சனிக்கிழமை மலையேறின பக்தர்கள், எங்கேயோ குவாரியில் வெடி வைக்கிறார்கள் என்று ஓரமாக ஒதுங்கி நின்றார்களாம். பாடகர் குழுத் தலைவர் தாலாட்டுக்கு பாஸ் போட்டார். அந்தத் தாலாட்டில் குழந்தை தூங்கியிருந்தால் அது அற்புதம்தான். துரை எல்லாவற்றுக்கும் எழுந்து நின்றது. அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை.

“ஊருக்கு ரசனை வந்துருச்சு பாத்தியா? எல்லாம் நான் திட்டித் திட்டி வளத்ததுலே.”

பல்லைக் கடித்துக்கொண்டு பாக்ஸைத் துடைத்தேன். என் காது ரெண்டும் சாயங்காலமானால் வலிக்க ஆரம்பித்திருந்தது.

இந்தச் சமயத்தில்தான் மதினி ஆல்பம் போட்டார்கள்.

மதினி என்றால் அண்ணாச்சியின் வீட்டுக்காரி. பேண்டேஜ் துணிக் கம்பெனியில் துணி மடிக்கிற வேலை. மடிக்கும்போது கூட இருக்கிற பெண்களோடு முளைப்பாரிக் கும்மிப் பாட்டுப் பாடுவார்கள். அம்மன் கோவில் பங்குனிப் பொங்கலுக்கு நம்ம பாட்டு நம்ம தெரு ஸ்பீக்கரில் வரட்டும் என்று எல்லாரும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் போய்ப் பதிவு செய்தார்கள். கடையின் குட்டியானை லோடு வண்டியில் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அண்ணாச்சிக்குத் தெரியாது. வன்னியம்பட்டி தாண்டும்போது, முன்சீட்டில் இருந்த மதினி சொன்னார்கள்.

“தம்பி, அவியகிட்ட மூச்சு விட்ராதீக.”

தலையாட்டினேன்.

“நான் பாடுனதுன்னு தெரிஞ்சா, ஒண்ணு பொண்டாட்டியாச்சேன்னு பொய்யாப் புகழுவாக. இல்ல, பொண்டாட்டிதானேன்னு கூடக் கொஞ்சம் திட்டுவாக. ஆளு தெரியாமக் கேட்டு, அந்த வாயால ‘பரவால்ல’ன்னு ஒரு சொல்லு வரணும். கல்யாணமான நாள்லருந்து நான் வாயத் தொறந்தா டிவி சத்தத்தக் கூட்டுற மனுசன். அந்த ஒரு சொல்லு போதும் எனக்கு.”

என்னிடம் ரகசியம் சொல்வது கிணற்றில் கல்லைப் போடுவது மாதிரி. மேலே வராது. ஆனால் கல் உள்ளே கிடந்து கனத்தது. ஏனென்றால் அந்தப் பாட்டுகளில் பாஸ் கிடையாது. கைதட்டும் ஒரே ஒரு தவிலும்தான்.

பொங்கலுக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை. கோவில் கமிட்டித் தலைவர் வந்து உட்கார்ந்துவிட்டார். எந்தப் பாட்டு தேறும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமே. மதினியோடு வேலை பார்க்கிற செல்வி பென் டிரைவைக் கொண்டுவந்து, “எங்க கம்பெனிப் பொம்பளைக பாடுனதுண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றாள். மதினி வீட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் பட்டனை அழுத்தினேன். கும்மி ஆரம்பித்தது. துரை ஒரு கொட்டாவி விட்டு, கழுத்தைப் பெஞ்சில் சாய்த்து, குறட்டை விட்டது.

ரெண்டாவது பாட்டிலேயே அண்ணாச்சி கையை உயர்த்தினார். நிறுத்தினேன். அவர் செல்போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“சவசவ. இது கும்மி இல்ல, அம்புட்டுப் பேரும் சேந்து கொசு அடிக்காக. அதுலயும் முன்னால ஒரு குரல் பாடுது பாருங்க, தகர டப்பாவுல கூழாங்கல்லப் போட்டு ஆட்டுன மாதிரி...”

“அந்தத் தகர டப்பா நாந்தாங்க” என்றார்கள் மதினி.

செல்போன் இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் வயரைப் பார்த்தேன்.

“நீயா? சொல்ல வேண்டாமா?” என்றார். பிறகு கமிட்டித் தலைவர் முன்னால் தன் கௌரவம் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். “யாரா இருந்தா என்ன? நானா சொல்லுதேன்? துரை சொல்லுது. அது எந்திரிச்சுதா பாரு.”

“அதுக்குக் காது கேக்காதுங்க” என்றார்கள் மதினி.

“எதுக்கு?”

“துரைக்கு.”

மதினி உள்ளே போய்ப் பித்தளைத் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்து வந்தார்கள். தூங்குகிற துரையின் பின்னால் நின்று ஓங்கி ஓர் அடி. எதிர்க்கடை முதலாளி கையிலிருந்த கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தது. கமிட்டித் தலைவர் எழுந்தே விட்டார். துரை குறட்டையைக்கூட நிறுத்தவில்லை. அடுத்து மதினி பெஞ்சின் காலில் லேசாக ஒரு உதை விட்டார்கள். துரை துள்ளி எழுந்து, காதை விறைத்து, வாலை ஆட்டியது.

“பாத்தீகளா? பாஸ் அடிச்சாப் பலகை அதிருது. அது காதால கேக்கல, வயித்தால கேக்குது.”

இந்த இடத்தில் எங்கள் ஊர் மானம் போனதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஊர் வெள்ளை நாய்களில் சிலதுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குட்டி வாங்கப் போகிறவர்கள் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அண்ணாச்சி கைதட்டவில்லை. சங்கீதம் தெரிந்தவன் வீட்டுக்கு வருகிற நாயைச் சோதிப்பதாவது என்று கௌரவமாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பிறகும், அதற்குச் சோறு வைக்கிற மதினியைத் தவிர எங்களில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. எல்லாருக்கும் காது இருந்தது.

கூட்டத்தில் நின்ற பாடகர் குழுத் தலைவர் அழமாட்டாத குறையாகக் கேட்டார். “அண்ணாச்சி, அப்போ நான் தாலாட்டுக்கு பாஸ் போட்டது?”

மதினி அண்ணாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“துரைய விடுங்க. நீங்க கேட்டீகளா?”

அண்ணாச்சி வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். “நான் துரையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

தெருவில் எழுந்த சிரிப்பு அடங்கச் செத்த நேரம் ஆனது. மதினி சிரிக்கவில்லை. தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் நான் கடை திறக்கும்போது அண்ணாச்சி குளித்து உட்கார்ந்திருந்தார். துரையைக் கொல்லைப்பக்கம் கட்டியிருந்தார்.

“அந்தக் கும்மியப் போடுலே. முதல்லருந்து.”

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். வீட்டுக்குள் அதுவரை உருண்டுகொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. பாட்டு முடிந்ததும் பிடித்துக்கொண்டார் பாருங்கள்! முதல் பாட்டில் ஒருத்தி முந்துகிறாள், ரெண்டாவதில் ஒருத்தி பிந்துகிறாள், தவில்காரன் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறான், சுருதி மேட்டில் ஏறும் மாட்டுவண்டி மாதிரி பின்னால் பின்னால் வருகிறது. ஒவ்வொன்றும் உண்மை. எனக்கே ஆச்சரியம். மனிதருக்குக் காது இருந்திருக்கிறது!

மதினி நிலைப்படியில் வந்து நின்றார்கள்.

“பரவால்லயா?”

“பரவால்லன்னு எவன் சொன்னான்?” என்று எரிந்து விழுந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஏ ஊமக்கோட்டான், அந்த நாலாவது பாட்ட இன்னொருக்காப் போடு” என்றார்.

நாலாவது பாட்டில் மதினி தனியாகப் பாடுவார்கள். அன்று காலை அதை மறுபடி மறுபடி போட்டேன். ஒவ்வொரு தடவையும் புதுசாக ஒரு குற்றம் கண்டுபிடித்தார். மதினி உள்ளே போகவே இல்லை.

பங்குனிப் பொங்கலுக்குத் தெருவெல்லாம் குழாய் ஸ்பீக்கர் கட்டினோம். முளைப்பாரி கிளம்புகிற நேரத்துக்கு மதினி ஆல்பத்தைப் போடச் சொன்னார் அண்ணாச்சி. போட்டதும் என் பக்கத்தில் நின்று வரிவரியாகத் திட்ட ஆரம்பித்தார். கமிட்டித் தலைவர் வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

“அண்ணாச்சி, பாட்ட மாத்திருவமா? பொம்பளைக ரொம்ப இழுக்காக.”

“இழுக்காகன்னு சொல்ல நீரு யாருவே?” என்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் மைக் தேவைப்படவில்லை. “இந்தப் பாட்டத் திட்டணும்னா நான் திட்டுவேன். வேற ஒரு பய வாயத் தொறக்கக் கூடாது.”

தலைவர் போய்விட்டார். முளைப்பாரியைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். மதினி இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஸ்பீக்கரில் நாலாவது பாட்டு வந்தது.

“பாரு, இந்த இடத்துல மூச்சு வாங்குதா பாரு, வெளங்காதவ” என்று திட்டிக்கொண்டே அண்ணாச்சி கையை நீட்டி ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கூட்டினார். சத்தம் கூட்டுவதும் குறைப்பதும் என் வேலை. அவர் உட்காரட்டும் என்று கொஞ்சம் நகர்ந்துகொண்டேன்.