ஏழு பன்றிகளும் ஒரு தொழிற்கடனும்

உலகத்தில் நாகரிகம் என்று ஏதாவது மிச்சமிருந்தால், அதற்கு நெடுங்காலத் தொழிற்கடன்தான் காரணம். சமோவாவில் அந்த நாகரிகத்தைக் கட்டிக் காப்பது தேசியத் தொழிற்கடன் கழகம். அதன் கடைக்கண் பார்வை சவாயி தீவில் தேங்காய் எண்ணெய் ஆட்டும் துலியாவின் மேல் விழுந்தது அவள் செய்த புண்ணியம்!

துலியாவின் பழைய இயந்திரம் படுத்துவிட்டது. புதிது வாங்கக் கடன் கேட்டாள். கிடைக்காவிட்டால் அவளும் அவளிடம் வேலை பார்க்கும் ஆறு பெண்களும் நடுத்தெருவில்தான். நிலமோ குடும்பத்துப் பொது நிலம், அடமானம் செல்லாது. கழகம் பெருந்தன்மையோடு அவளுடைய ஏழு பன்றிகளை "அசையும் ஈடு" என்று ஏற்றுக்கொண்டது.

ஈட்டை நேரில் எண்ண வேண்டும் என்பது விதி. தலைநகர் ஆப்பியாவிலிருந்து கப்பலேறி அதிகாரி லெமானு நான்கு பேரோடு வந்தார். வந்த விருந்தாளிக்குப் பன்றி சுடாமல் அனுப்பினால் ஊர் காறித் துப்பும். எண்ணினார்கள்: ஏழு. சாப்பிட்டார்கள். மிச்சத்தை ஓலையில் கட்டி வீட்டுக்கும் கொண்டுபோனார்கள்.

அடுத்த மாதம் "மறு ஆய்வு". அதற்கடுத்த மாதம் "மறு ஆய்வின் சரிபார்ப்பு".

"அக்கா, இன்னைக்குமா பன்னி?" என்று அலுத்துக்கொண்டான், குழியில் கல்லைச் சுடவைத்த தம்பி எசேக்கியா. "மீனப் போட்டு அனுப்பேன்."

"வாய மூடுடா. கையெழுத்துப் போடப்போற கை. முள்ளு கிள்ளு குத்திறப் போகுது."

லெமானு பல் குத்திக்கொண்டே கோப்பைப் புரட்டினார். "போன தடவைக்கு ஒண்ணு குறையுதேம்மா. எப்படி?"

துலியா இன்னும் கொஞ்சம் சேப்பங்கிழங்கு வைத்தாள். கடன் வேண்டுமே!

எட்டாவது மாதம் "இறுதி ஆய்வு". பட்டி காலி. லெமானுவின் முகம் இறுகியது.

"கழகத்துக்கு ஈடு காட்டின சொத்த அழிச்சிருக்கீங்க. நம்பிக்கைத் துரோகம்மா இது! கடன் கிடையாது."

துலியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அழிக்கல ஐயா. உங்க அஞ்சு பேர் வயித்துல பத்திரமாத்தான் இருக்கு. ஜப்தியே பண்ணிட்டீங்க. கடன எப்ப தருவீங்க?"

அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. விருந்து இல்லாததை மட்டும் "ஒத்துழைப்பின்மை" என்று எழுதினார்.

ஆறு பெண்களும் பழம் பறிக்க நியூசிலாந்துக்குக் கிளம்பிப் போனார்கள். சவாயியில் வாராக்கடன் ஒரு தாலா காசுகூட இல்லை என்று ஆண்டறிக்கையில் பெருமையாகப் போட்டிருந்தது கழகம். எப்படி இருக்கும்? கடனைக் கொடுக்காமலே ஈட்டைத் தின்று முடித்தாயிற்றே!