கேக்குதோ அண்ணையும் பூச்சிய அறையும்

வன்னி முழுக்கத் தேடினாலும், ஆளில்லாத அறைக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கதைக்கத் தொடங்குகிற மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவரை நாங்கள் 'கேக்குதோ அண்ணை' என்போம். சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

கிளிநொச்சியில் உரக்கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். முதலாளி, அண்ணை, நான் என்று மூன்றே பேர். ரியூசன் வகுப்புகளைப் போனில் நேரடியாக நடத்தும் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். மாணவர் கண்ணுக்குத் தெரிகிற பக்கம் என் வேலை. பக்கத்தைத் திறந்தவரை எங்கோ தூர தேசத்தில் ஓடுகிற சேவர் கணினியோடு இணைத்து, சரியான வகுப்பறையில் இருத்தி, பேச்சும் எழுத்தும் அந்தக் கணமே போய்ச்சேரச் செய்வது அண்ணையின் வேலை. ஆள் உள்ளே இருந்தால் பட்டியலில் பச்சைப் புள்ளி எரியும். போனால் அணையும்.

இணைப்புச் சரியா என்று பார்க்க ஒரு நாளைக்கு நூறு தரம் "கேக்குதோ?" என்பார். அது நாக்கோடு ஒட்டிவிட்டது. கலியாண வீட்டில் ஐயர் மந்திரத்துக்கு நடுவே மூச்சு வாங்கினால் முன்வரிசையிலிருந்து "கேக்குதோ?" வரும். ஒருநாள் கோயிலில் கற்பூரம் காட்டும்போது சாமியைப் பார்த்தே கேட்டுவிட்டார்.

"பதில் வந்ததோ அண்ணை?"

"லைன் இருக்கு பிள்ளை. அங்கால மைக்கை நிப்பாட்டி வச்சிருக்கினம்."

அறுந்த இணைப்பைச் செத்தது என்று சொல்வது எங்கள் தொழில் வழக்கம். அவருக்கு அந்தச் சொல் ஆகாது. "செத்தது எண்டு சொல்லாதை. சத்தமில்லை, அவ்வளவுதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சோதனைக்கென்று அவர் ஓர் அறை வைத்திருந்தார். இலக்கம் பூச்சியம். தினமும் பின்னேரம் மூன்று மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதற்குள் போவார். மற்றவர்கள் மாதிரி 'ஒண்டு, ரெண்டு, மூண்டு' என்று எண்ணமாட்டார். "மனிசக் கதையிலதான் நிப்பும் இழுப்பும் இருக்கு. அதைத்தான் சோதிக்கோணும்" என்பார். ஆகவே வெற்று அறைக்கு ஊர்க்கதை சொல்வார். புளியங்குளத்தில் பஸ் நின்றுபோனது, பக்கத்து வீட்டுச் சேவல் இவருடைய இடுப்புச் சாரத்தை இழுத்தது, வீட்டுச் சினைமாடு இன்றோ நாளையோ கண்டு போட நிற்பது எல்லாம் அந்த அறைக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது.

ஒரு நாள் பூச்சிய அறையின் பட்டியலில் இரண்டு புள்ளிகள் எரிந்தன. ஒன்று அண்ணை. மற்றதற்குப் பெயரில்லை, 'விருந்தினர்' என்று மட்டும் இருந்தது. நான் எங்கோ மூடாமல் விட்ட பழைய பக்கமாக்கும் என்று நினைத்து அதை வெளியேற்றினேன். மூன்று செக்கனில் திரும்பி வந்தது. மறுபடி வெளியேற்றினேன். மறுபடி வந்து அதே இடத்தில் இருந்தது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் இருந்தது. சத்தமில்லை. சிலவேளை 'எழுதுகிறார்' என்று காட்டும். ஒன்றும் வராமல் மறையும்.

எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே பயம் பிடித்தது. பின்னேர வெயில் யன்னலில் காய்ந்துகொண்டிருக்கும், என் முதுகு மட்டும் குளிரும். அண்ணையோ வெற்றிலை போட்டவர் மாதிரி மலர்ந்து, "வாங்கோ, இருங்கோ" என்றுவிட்டுச் சேவல் கதையைத் தொடர்ந்தார்.

ஒரு திங்கட்கிழமை, முதலாளியும் நானும் பின்னால் நிற்க, திரையில் எழுத்து விழுந்தது.

'மாடு கண்டு போட்டுதோ?'

முதலாளிதான் முதலில் பாய்ந்தார். ரவுட்டரின் வயரையே பிடுங்கி எறிந்தார். அலுவலகத்துத் திரைகள் எல்லாம் இணைப்பில்லாமல் நின்றன. நான் என் போனில், சிம் இணைப்பில் பார்த்தேன். பூச்சிய அறையில் அந்தப் புள்ளி தனியாக எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் ரவுட்டரின் நெற்றியில் திருநீறு. முதலாளி உத்தரவு போட்டார்: "வெள்ளிக்கிழமை திறப்பு. அதுக்கு முன்னம் அந்த அறையைத் துடைச்சுப் போடுங்கோ அண்ணை."

"ஆர் எண்டு கேக்காமல் ஒருத்தரையும் வெளியில தள்ளமாட்டன்."

"அப்ப நீங்கள் வெளியில போகவேண்டி வரும்."

"போறன். கேட்டுட்டுப் போறன்."

வியாழன் மூன்று மணிக்குக் கேட்டார். "ஆர் நீங்கள்? எங்கையிருந்து வாறியள்?"

வெகுநேரம் கழித்து எழுத்து வந்தது. 'நாயாறு. சுகந்தி. சேர், கோவிக்காதேங்கோ, கணக்கு எப்ப தொடங்குவியள்? சோதனைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கு.'

அண்ணை ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். எனக்குக் காது சுட்டது. பிழை என்னுடையது. தொடக்கத்தில் மாதிரிக் கணக்கு வகுப்புக்கென்று அனுப்பிய லிங்கில், எவர் வந்தாலும் பூச்சிய அறைக்கே போகும்படி எழுதியிருந்தேன். பேசுகிற வசதியும் அதில் இல்லை. அந்த லிங்க் கைமாறிச் சுகந்தியிடம் போயிருக்கிறது. நான் பிறகு திருத்தினேன். அவாவின் போன் பழைய பக்கத்தையே பிடித்து வைத்திருந்தது.

இலக்கம் வாங்கிப் போன் எடுத்துக் கதைத்தோம். சுகந்திக்கு முப்பத்துநாலு வயது. நாயாற்றுக் கரையில் குடியிருப்பு, புருசன் கடலுக்குப் போகிறவர். முன்பள்ளியில் படிப்பிக்க, சாதாரண தரப் பரீட்சையில் கணிதச் சித்தி வேணும், இரண்டு தரம் தவறிவிட்டது. மூன்றாம் தரம் எழுதுவதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. "முதல்ல எங்கட பயத்தைப் போக்கத்தான் சேர் கதை சொல்லுறார் எண்டு நினைச்சன்" என்றா.

அந்த மாதிரி வகுப்பு அதற்குள் முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. அண்ணை மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. "கொப்பி எடுங்கோ. இண்டைக்கே தொடங்குவம்" என்றார். பன்னிரண்டு நாளும் அதே அறையில் படிப்பித்தார். வயலை அளந்து பரப்பளவு, பஸ் பிந்துவதை வைத்து நேரமும் தூரமும். வெள்ளிக்கிழமை திறப்பு முடிந்தும் முதலாளி அறையைத் துடைக்கச் சொல்லவில்லை. பேயைவிடச் சுகந்தி பரவாயில்லை என்று நினைத்திருப்பார்.

பெறுபேறு வந்தது, கணிதத்தில் 'சி', பாஸ். அவா கருவாட்டுப் பார்சலோடு நேரில் வந்தா. அண்ணை வெட்கத்தில், தேத்தண்ணி போடுகிற குசினிக்குள் ஒளிந்துவிட்டார். நான்தான் சிரித்துக்கொண்டு கேட்டேன்: "அண்டைக்கு மாட்டைக் கேட்டு எங்களைப் பயப்படுத்திப் போட்டியளே!"

"எந்த மாடு தங்கச்சி?"

"திங்கட்கிழமை எழுதினியளே, கண்டு போட்டுதோ எண்டு."

அவா நெற்றியைச் சுருக்கினா. "முதல்ல நான் செவ்வாயும் வியாழனும்தான் வந்தனான். மற்ற நாளில வகுப்பில்லை எண்டு அந்தப் பக்கத்தைத் திறக்கவேயில்லை. ஆர் எண்டு கேட்ட அண்டைக்கு முன்னம் நான் ஒரு சொல்லும் எழுதேல்லை."

குசினி வாசலில் அண்ணை நின்றார். எல்லாம் கேட்டுவிட்டார். சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டு கதிரையில் போய் இருந்து, பூச்சிய அறையைத் திறந்தார். சுகந்தியின் போன் அவாவின் கையில் அணைந்து கிடந்தது. அந்த விருந்தினர் புள்ளி எரிந்தது.

"ஓம், கண்டு போட்டுட்டுது" என்றார் அமைதியாக. "நாம்பன் கண்டு. நல்ல சுகமாய் நிக்குது."

புள்ளி கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு தானாக அணைந்தது. அதற்குப் பிறகு வரவேயில்லை.

போன வருசம் அண்ணைக்கு வவுனியாவில் வேலை கிடைத்தது. போகிற அன்று அவருடைய பையை நான்தான் பஸ் வரைக்கும் தூக்கிப்போனேன். என் சொந்தத் தமையனுக்குக்கூட நான் அப்படிச் செய்ததில்லை. பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகும், உரக்கடைக்காரன் என்ன நினைப்பானோ என்ற எண்ணமே இல்லாமல், நடு வெயிலில் கனநேரம் அங்கேயே நின்றேன்.