பரண் மேல் மாமனார்

டாக்டர் பத்து வாக்கியம் சொன்னால், அதில் எனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் காதில் வாங்கிக்கொள்ளும் ரகம் நான். எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றும் அதைத்தான் செய்தேன்.

"குடல்ல நல்ல பாக்டீரியா குறைஞ்சா உடம்புக்குள்ள அழற்சி கூடும். அப்புறம் இன்சுலின் சரியா வேலை செய்யாது. மோர், புளிக்க வெச்ச காய்கறி எல்லாம் சேர்த்துக்குங்க. ஆனா மாத்திரையை விட்டுடாதீங்க" என்றார் டாக்டரம்மா. கடைசி வாக்கியத்தின்போது நான் மனசுக்குள் பீட்ரூட் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

அன்றே மாத்திரைக்கு ரகசியமாக விடை கொடுத்தேன். ஆறு பாட்டில்களில் பீட்ரூட், கடுகு, உப்பு, தண்ணீர். மூடியை முழு பலத்தோடு திருகினேன் (பாக்டீரியா தப்பித்து ஓடிவிடக் கூடாதல்லவா). என் மனைவி வசந்தா கண்ணில் படாமல் பரணில், கொலு பொம்மைப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். தசரா வரை அந்தப் பக்கம் யாரும் போக மாட்டார்கள்.

அக்ரஹாரத்தில் இருக்கும் இந்த வீடு என் மாமனாருடையது. சர்க்கரை முற்றி, அந்தப் பரணுக்குக் கீழே கிடந்த கட்டிலில்தான் போனார். கடைசி நாட்களில் நீளமாக ஒரு பெருமூச்சு விடுவார்.

மூன்றாவது வாரம், ஞாயிறு மதியம். தெருவில் ஒரு ஸ்கூட்டர் சத்தம்கூட இல்லை. மேலிருந்து "ஸ்ஸ்ஸ்..." என்று அதே பெருமூச்சு வந்தது.

வசந்தா முகம் வெளுத்துவிட்டது. "ஏங்க, கேட்டுச்சா? அப்பா! நாலு நாளா மத்தியானத்துல கேக்குது. பயந்துகிட்டு சொல்லலை. உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்காரோ என்னமோ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாட்டில்கள் என் நினைவுக்கே வரவில்லை. மறுபடி பெருமூச்சு. பரணில் ஏதோ டக்கென்று நகர்ந்தது. பரணுக்குக் கீழே சுவரில் மாட்டியிருந்த மாமனார் படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"மாமா, தப்புதான்! மூணு வாரமா மாத்திரை போடலை! நாளையிலேர்ந்து போடறேன், விட்டுடுங்க!"

வசந்தா என் கையை விட்டுவிட்டாள். "ஏனு?" என்றாள். ('என்ன?' என்று அர்த்தம். கோபம் வந்தால் அவளுக்குப் பிறந்த வீட்டுக் கன்னடம்தான் வரும்.)

அப்போது பரணில் 'டமார்!' செக்கச்செவேலென்று ஏதோ வழிந்து, மாமனார் படத்தின் நெற்றியில் இறங்கி, மீசை வழியாகச் சொட்டியது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து மகள் மேகா ஓடி வந்தாள். விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள்.

"அப்பா, இது பீட்ரூட். மூடியை இப்படி இறுக்கினா, புளிச்ச காத்து சீறிச் சீறி வெடிக்காம என்ன பண்ணும்?"

வசந்தா சிரிக்கவில்லை. படத்தைத் துடைத்தபடியே அழுதாள். "அப்பாவைத்தான் காப்பாத்த முடியலை. நீங்களும் இப்படிப் பண்ணினா நான் எங்க போறது?" மாத்திரையை எடுத்து அவள் எதிரிலேயே விழுங்கினேன்.

இப்போது மோரும் உண்டு, மாத்திரையும் உண்டு. வீட்டில் குக்கர் சீறினால் போதும், "அப்பா, மாத்திரை போட்டாச்சான்னு தாத்தா கேக்கறார்" என்பாள் மேகா. வசந்தாவும் இப்போது சிரிக்கிறாள். எனக்குத்தான் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸின் பிரேக் காற்று 'புஸ்'ஸென்று கிளம்பும்போதெல்லாம் கை தானாகச் சட்டைப் பையில் மாத்திரையைத் தேடுகிறது.